இடுப்பளவும் ஈஸ்ட்ரோஜனும்

உடலில் கொழுப்பு எத்துணை உள்ளது என்றே நாம் பெரும்பாலும் வினவுகிறோம். அஃது எவ்விடத்தில் உள்ளது, யாருடைய உடலில் உள்ளது, எந்த வயதில் இடம் மாறியது என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. சுகாதார நிலையங்களில் எடைக்கருவி முன்னிடம் பெற்று நிற்பதும், அளவு நாடா மேசை இழுப்பறையில் சுருண்டு கிடப்பதும் இம்மனப்பாங்கின் விளைவே எனலாம். ஆணுடலும் பெண்ணுடலும் கொழுப்பைக் கையாளும் முறை வேறு வேறு என்பதையும், அவ்வேற்றுமையை நடத்திச் செல்லும் பொருள்களுள் ஈஸ்ட்ரோஜன் தலையாயது என்பதையும் விஞ்ஞானம் தெளிவாக நிறுவியுள்ளது. அவ்வறிவின் ஒரு பாதி நம் சுகாதாரப் படிவங்களில் ஏறிவிட்டது, மறுபாதி ஏறவில்லை. விடுபட்ட அந்தப் பாதியைக் குறித்துச் சில கருத்துகளை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

இத்துறையில் முதற்கண் நினைக்கத்தக்கவர் பிரான்சு நாட்டு மார்சேய் நகரத்து மருத்துவர் ழான் வாக் என்பார். உடற்பருமன் அனைத்தும் ஒரே தன்மையது அன்று என்பதை 1947ஆம் ஆண்டில் அவர் எடுத்துக் காட்டினார். வயிற்றிலும் மேலுடலிலும் கொழுப்புத் திரள்வதை ஆண்பாங்கு என்றும், இடையின் கீழும் தொடையிலும் திரள்வதைப் பெண்பாங்கு என்றும் பிரித்து, நீரிழிவும் இரத்தக் குழாய் நோயும் முதல் வகையினரையே மிகுதியாகத் தொடர்கின்றன என்று உரைத்தார். அக்காலத்தில் அவருடைய கூற்றைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலர். ஏறத்தாழ நாற்பதாண்டு கழிந்த பின்னரே, சுவீடன் நாட்டில் மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து கண்காணித்த ஆய்வுகள் அக்கூற்று மெய்யென்று காட்டின. அளவு நாடாவால் அறியக்கூடிய ஓர் உண்மையை உலகம் ஏற்றுக்கொள்ள இத்தனை காலம் பிடித்தது வியப்புக்குரியது.

இவ்வேற்றுமை எங்ஙனம் நிகழ்கிறது என்று பார்ப்போம். ஒத்த எடையுடைய ஓர் ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால், பெண்ணின் உடலில் கொழுப்பின் விகிதம் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேலாகவே இருக்கக் காணலாம். இதனைக் குறை என்று கருதுதல் கூடாது. பெண்ணின் கொழுப்பில் பெரும்பகுதி தோலின் கீழே, இடுப்பின் புறத்திலும் தொடையிலும் அமைந்திருக்கிறது. உண்ட உணவிலிருந்து இரத்தத்தில் வரும் கொழுப்பைப் பிடித்து உள்ளே சேர்க்கும் நொதி அவ்விடத்தில் ஊக்கமாக வேலை செய்கிறது; சேர்த்ததைக் கரைத்து வெளியேற்றும்படி அட்ரினலின் இடும் கட்டளையைத் தடுக்கும் ஏற்பிகளும் அவ்விடத்தில் மிகுதி. அத்தடுப்பு ஏற்பிகளைப் பெருக்குவதில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்குண்டு. எனவே தொடையின் கொழுப்பு எளிதில் கரைவதில்லை. ஆனால் பெண் தாயாகிப் பாலூட்டும் காலத்தில் அதே கொழுப்பு இளகிக் கொடுக்கிறது. களஞ்சியத்தை யாருக்காகப் பூட்டி வைத்தார்களோ அவர் வந்ததும் கதவு திறப்பதைப் போன்றது இது.

ஆணின் நிலை வேறு. அவனுக்கு மிகையாகும் கொழுப்பு வயிற்றறையினுள்ளே, குடலைச் சூழ்ந்து சேர்கிறது. அவ்விடத்துக் கொழுப்பு எளிதில் சேரும், எளிதில் கரையும். கரைந்த கொழுப்பு அமிலங்கள் வாயிற் சிரையின் வழியே நேராகக் கல்லீரலுக்குப் போய்ச் சேர்கின்றன. கல்லீரல் அச்சுமையைத் தாங்க மாட்டாமல் தன்னுள்ளே கொழுப்பைத் தேக்கிக் கொள்கிறது; இன்சுலினின் சொல்லைக் கேளாமற் போகிறது; சர்க்கரையையும் கொழுப்பையும் இரத்தத்தில் மிகையாகக் கலக்கிறது. தொந்தி என்று நாம் நகைத்துப் பேசுவதன் உட்பொருள் இதுவே. தொடையிற் பருத்தவரினும் வயிற்றிற் பருத்தவர் அஞ்ச வேண்டியவர் என்பதற்குக் காரணமும் இதுவே.

ஈஸ்ட்ரோஜன் செய்யும் வேலை சேமிப்பதோடு முடிவதில்லை. மிதமான உழைப்பை நெடுநேரம் செய்யும்போது பெண்ணுடல் ஆணுடலைக் காட்டிலும் கொழுப்பை மிகுதியாகவும் சர்க்கரையைக் குறைவாகவும் எரிக்கிறது. ஆடவர்க்குச் சில நாள் ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்துப் பார்த்த கனடா நாட்டு ஆய்வாளர்கள், அவர்தம் உடலும் அதே போக்கைக் காட்டக் கண்டனர். கல்லீரலில் கொலஸ்ட்ராலைப் பற்றி இழுக்கும் ஏற்பிகளையும் ஈஸ்ட்ரோஜன் பெருக்குகிறது. நடுவயதுவரை பெண்களின் இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் தாழ்ந்திருப்பதற்கு இஃது ஒரு காரணம். மூளையின் அடிப்பகுதியில் பசியையும் உடற்செலவையும் ஆளும் மையங்களிலும் அதன் ஏற்பிகள் உள்ளன. அங்கே அவ்வேற்பியை அடக்கியபோது எலிகள் பருத்தன.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று கூற வேண்டும். ஈஸ்ட்ரோஜன் என்பதைப் 'பெண்மைச் சுரப்புநீர்' என்றும், 'பெண் ஹார்மோன்' என்றும் தமிழில் எழுதிவருகிறோம். படிப்பதற்கு எளிது, ஆனால் பொருள் பிழைபட்டது. 1929ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியும், ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டனான்டும் தனித்தனியே இவ்வினத்துப் பொருளொன்றைக் கருவுற்ற மகளிரின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தனர். பெயர் சூட்டியவர்கள் அதைப் பெண்ணுக்கே உரியதென்று எண்ணினர். ஐந்தே ஆண்டுகளில், 1934இல், பெர்ன்ஹார்ட் ஸோன்டெக் என்பார் ஆண்குதிரையின் சிறுநீரில் அப்பொருள் மிக ஏராளமாக இருக்கக் கண்டு வியந்தார். ஆண்மைக்கே இலக்கணமாகக் கூறப்படும் பொலிகுதிரை, 'பெண்மைச் சுரப்புநீரை' அவ்வளவு மிகுதியாக வெளியிட்டால் அப்பெயர் எங்ஙனம் பொருந்தும்?

மனிதரிலும் அவ்வாறே. ஆணின் உடலில் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி அரோமட்டேஸ் என்னும் நொதியால் ஈஸ்ட்ரோஜனாக மாற்றப்படுகிறது. அம்மாற்றம் வீண் அன்று. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பழுதுபட்ட ஓர் இளைஞரைப் பற்றி 1994இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினர். வயது 28, உயரம் 204 செ.மீ.; எலும்பின் வளர்ச்சி இன்னும் நின்றபாடில்லை; சர்க்கரையை உடல் ஏற்கும் திறனும் குன்றியிருந்தது. 2013இல் பாஸ்டன் நகரில் சுமார் 400 ஆடவரிடம் நடந்த ஆய்வு இதனினும் தெளிவானது. அவர்களுடைய இயற்கைச் சுரப்பை நிறுத்தி, வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைப் பல அளவுகளில் கொடுத்தனர். ஒரு பாதியினர்க்கு மட்டும் அஃது ஈஸ்ட்ரோஜனாக மாறாதவாறு மருந்தால் தடுத்தனர். தசையின் அளவும் வலிவும் டெஸ்டோஸ்டிரோனைச் சார்ந்திருந்தன. உடற்கொழுப்பு ஏறியதோ ஈஸ்ட்ரோஜன் குறைந்ததனால். ஆணின் தொந்திக்கு ஆண்மைச் சுரப்பே பொறுப்பென்று கருதியிருந்தவர்க்கு இம்முடிவு எதிர்பாராதது.

ஆதலின் 'ஈஸ்ட்ரோஜன்' என்றே எழுதுவது நன்று என்பது என் கருத்து. இன்சுலினையும் பென்சிலினையும் பெயர் மாற்றாமல் ஏற்றுக்கொண்ட நாவு இதனையும் ஏற்கும். தமிழாக்கம் வேண்டா என்பது என் வாதமன்று. பொருளைத் திரித்துக் காட்டும் தமிழாக்கம் வேண்டா என்பதே.

இனி, இந்திய நாட்டின் நிலைக்கு வருவோம். 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, எடையை உயரத்தோடு ஒப்பிடும் கணக்கில், பருமனாய் உள்ள பெண்டிர் நூற்றுக்கு 24 பேர்; ஆடவர் 23 பேர். தமிழ்நாட்டில் இவ்வெண்கள் 40, 37 என மிக உயர்ந்துள்ளன. எடையை வைத்துப் பார்த்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெருவேற்றுமை இல்லை. ஆனால் அதே ஆய்வில் திரட்டிய இடுப்பளவைக் கொண்டு 2023இல் கணக்கிட்டவர்கள், வயிற்றுப் பருமன் பெண்டிரில் நூற்றுக்கு 40 பேரிடமும் ஆடவரில் 12 பேரிடமும் உள்ளதாக அறிவித்தனர். இக்கணக்கில் பெண்டிர்க்கு எல்லை 80 செ.மீ.; ஆடவர்க்கு 94 செ.மீ. பின்னது ஐரோப்பியர்க்கு வகுக்கப்பட்ட எல்லை. இந்திய ஆடவர்க்குரிய 90 செ.மீ. என்பதைக் கொண்டிருந்தால் 12 என்பது உயர்ந்திருக்கும் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். அவ்வாறு கழித்துப் பார்த்தாலும் பெண்டிர் நிலை கவலைக்குரியதே. அவர்களுள் 40 முதல் 49 வயதுக்கு உட்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டவர் எல்லையைக் கடந்துள்ளனர்.

மெலிந்த தோற்றத்துள் கொழுப்பு மறைந்திருப்பது நம் நாட்டாருக்குப் பிறவியிலேயே அமைந்த ஓர் இயல்பு என்பதைப் புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் எடுத்துக் காட்டியுள்ளார். இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறக்கும் குழந்தை ஏறத்தாழ 3.5 கிலோ, புனேக்கு அருகே சிற்றூர்களில் பிறக்கும் குழந்தை 2.7 கிலோ. எடை குறைந்தும் கொழுப்புக் குறையவில்லை, தசையே குறைந்திருந்தது. 2004இல் அவர் தம்மையும் தம் ஆங்கிலேய நண்பர் ஒருவரையும் ஒப்பிட்டு வெளியிட்ட படம் பலரும் அறிந்தது. இருவர்க்கும் உயர எடை விகிதம் ஒன்றே, 22.3. நண்பரின் உடற்கொழுப்பு நூற்றுக்கு 9, இவருடையது 21. எடைக்கருவி நம்மவரைப் பொறுத்தவரை எத்துணைக் குறைபாடுடைய சாட்சி என்பதற்கு வேறு சான்று வேண்டா.

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் அச்சாட்சி முற்றிலும் பயனற்றதாகிறது. அமெரிக்காவில் நடுவயது மகளிரைப் பல்லாண்டு தொடர்ந்து கண்ட ஆய்வொன்று 2019இல் வெளியிட்ட முடிவு கருதத்தக்கது. மாதவிடாய் நிற்பதற்குச் சில ஆண்டு முன்னரே கொழுப்புச் சேரும் வேகம் இரு மடங்காகிறது. தசை குறையத் தொடங்குகிறது. ஒன்று ஏற ஒன்று இறங்குவதால் எடை தன் பழைய வேகத்திலேயே மெல்ல ஏறுகிறது. புதிதாக ஏதும் நிகழ்ந்ததாக அது காட்டுவதில்லை. அதே காலத்தில் கொழுப்பு தொடையை விட்டு வயிற்றறையை நாடுகிறது; கெட்ட கொலஸ்ட்ரால் உயர்கிறது. பெண்பாங்கு ஆண்பாங்காக மாறும் இம்மாற்றத்தைக் காட்டவல்லது இடுப்பைச் சுற்றிய நாடா ஒன்றே.

இந்தியப் பெண்டிர்க்கு மாதவிடாய் நிற்கும் வயது சராசரி 46 அல்லது 47. மேலை நாட்டினர்க்கு 51. நம் நாட்டுப் பெண் நான்கைந்து ஆண்டு முன்னதாகவே இப்பாதுகாப்பை இழக்கிறாள். ஆனால் குடும்ப நல ஆய்வு பெண்டிரின் இடுப்பை அளந்தது 49 வயதுவரை மட்டுமே. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் முதியோர்க்கும் அளக்கப்பட்டன, இடுப்பு அளக்கப்படவில்லை. மக்கட்பேற்றை ஆராயத் தொடங்கிய ஓர் ஆய்வின் பழைய எல்லை இது. கொழுப்பு இடம் மாறும் கதையின் முக்கியப் பகுதி தொடங்கும் இடத்தில் நம் கணக்கேடு மூடப்படுகிறது.

இயற்கை நிறுத்துமுன் கத்தி நிறுத்துவதும் உண்டு. கருப்பை அகற்றும் அறுவை இந்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்டிருள் நூற்றுக்கு மூவர்க்கு நிகழ்ந்துள்ளது; ஆந்திரத்திலும் தெலுங்கானத்திலும் இது 8, 9 என்னும் அளவிற்கு உயர்கிறது. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. அறுவை நிகழும் நடு வயது ஏறத்தாழ 34. மராட்டிய மாநிலத்துப் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் தொழிலாளப் பெண்டிரிடையே 2019இல் மாநில அரசின் குழுவொன்று விசாரணை நடத்தியது. விசாரிக்கப்பட்ட 82,309 பெண்டிருள் 13,861 பேர் கருப்பை அகற்றப்பட்டவர் என்று அக்குழு கண்டது. மாதத்தில் இரண்டு நாள் வேலைக்கு வாராவிடில் கூலி பிடிக்கும் ஒப்பந்தக்காரர், வலி என்று போனால் புற்றுநோய் என்று அச்சுறுத்தும் மருத்துவர், இவர்களிடையே அகப்பட்ட பெண்கள் அவர்கள். தேவையற்ற கருப்பை அறுவைகளைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த நெறிமுறைகளை மாநிலங்கள் செயற்படுத்த வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2023இல் ஆணையிட்டது.

கருப்பையை மட்டும் எடுத்தார்களா, சூலகங்களையும் உடன் எடுத்தார்களா என்பதே நம் பொருளுக்கு முக்கியமான வினா. ஈஸ்ட்ரோஜன் ஊறுவது சூலகத்தில், கருப்பையில் அன்று. சூலகங்கள் இரண்டும் எடுக்கப்பட்ட 35 வயதுப் பெண்ணுக்கு அன்றிரவே மாதவிடாய்க்குப் பிந்திய வாழ்வு தொடங்கிவிடுகிறது. எலும்பு மெலிவும் இதயநோயும் நீரிழிவும் அவளைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு முன்னதாக நெருங்குகின்றன. சூலகங்களை விட்டுவைத்தாலும் அவை சில ஆண்டு முன்னதாகவே ஓய்ந்து போவதுண்டு. இத்தகைய பெண் சுகாதார நிலையத்திற்கு வரும்போது அவள் 35 வயதினளாகவே கணக்கிடப்படுகிறாள்.

மும்பை நகரின் தென்கிழக்கே டிராம்பே குன்றின் அடியில் உள்ளது சீத்தா கேம்ப். இதன் பிறப்பு எளியதன்று. பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் குடியிருப்பு விரிவுக்காக 1976ஆம் ஆண்டு, நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனி இடிக்கப்பட்டு, அங்கிருந்த பல்லாயிரம் மக்கள் இவ்விடத்திற் கொண்டுவந்து விடப்பட்டனர். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். அவ்விடிப்பை எதிர்த்துப் போராடிய ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். பின்னாளில், 2000ஆம் ஆண்டில், மகசேசே விருது பெற்று 2018இல் மறைந்தார். அன்று இருபது வயது மணப்பெண்ணாக அங்கே வந்து சேர்ந்தவர் இன்று எழுபதை ஒட்டிய மூதாட்டி. வீடு கட்டியதும் பிள்ளை பெற்றதும் ஈஸ்ட்ரோஜன் துணை நின்ற ஆண்டுகளில்; அதன்பின் இருபதாண்டுக்கு மேல் அத்துணையின்றி வாழ்ந்துவருகிறார். 2009ஆம் ஆண்டுக்குரிய மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில், சீத்தா கேம்ப் அமைந்த எம் கிழக்கு வட்டம் நகரின் வட்டங்கள் அனைத்திலும் கடைசி இடத்தில் நின்றது என்பதையும் சேர்த்து எண்ணுக. இரத்தத்தில் நுண்ணிய அளவிலுள்ள ஹார்மோன்களை அளந்தறியும் கதிரியக்க முறைக்கு வேண்டிய பொருள்களை இந்நாட்டிலேயே உருவாக்கிய பெருமை குன்றின் அப்புறத்து அணு நிலையத்திற்கு உண்டு. குன்றின் இப்புறத்தில் ஓர் அளவு நாடாவும் ஒரு வினாவும் போதும் என்கிறேன்.

முப்பது வயதுக்கு மேற்பட்டோரை வீடுதோறும் கண்டு நீரிழிவு, இரத்த அழுத்தம், புற்றுநோய் ஆகியவற்றின் வாய்ப்பை அறிய, மத்திய அரசின் திட்டத்தில் மதிப்பீட்டுப் படிவம் ஒன்று உள்ளது. வயது, புகையிலை, மது, இடுப்பளவு, உடலுழைப்பு, குடும்பத்தார் நோய் ஆகிய ஆறுக்கும் மதிப்பெண் இடப்படுகிறது. நான்குக்கு மேற்பட்டால் அவரை முதலிற் சோதிக்க வேண்டும். அப்படிவம் பாராட்டுக்குரியது. எடையை விட்டு இடுப்பைக் கொண்டது. ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 என்று எல்லையைப் பிரித்தது. ழான் வாக் கண்ட உண்மை அதன் வழியே சேரிக் குடியிருப்பின் வாசல்வரை வந்துவிட்டது. அப்படிவத்தின் பிற்பகுதியில் பெண்டிர்க்கென்று தனி வினாக்களும் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு உண்டா என்பது அவற்றுள் ஒன்று. அது புற்றுநோய்க்கான வினா. மாதவிடாய் நின்றது எந்த வயதில், தானாக நின்றதா, அறுவையால் நின்றதா என்னும் வினா இல்லை. நின்ற பிறகு நிகழ்வதைக் கேட்கும் படிவம், நின்ற வயதைக் கேளாமல் விட்டது எனக்கு விளங்கவில்லை. 45 வயதுக்கு முன் நின்றிருந்தால் மேலும் ஒரு மதிப்பெண் என்று ஏழாவது வரி ஒன்று சேர்ப்பதற்கு ஊசி வேண்டா, கருவி வேண்டா, செலவு ஏதுமில்லை.

இவ்வினாவைத் தமிழில் கேட்பதற்கு நுட்பம் வேண்டும். 'ஆபரேஷன் ஆகியிருக்கிறதா' என்று கேட்டால், 'ஆகிவிட்டது' என்பார்கள். அது பெரும்பாலும் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை. 'பெரிய ஆபரேஷன்' என்றால் ஒருத்திக்குச் சிசேரியன். இன்னொருத்திக்குக் கருப்பை அறுவை. 'கர்ப்பப்பை எடுத்தாகிவிட்டது' என்னும் சொல்லில் கருப்பை வரும், சூலகம் வாராது. மராத்தியில் 'கர்ப்பபிஷவி' என்றாலும் இந்தியில் 'பச்சேதானி' என்றாலும் இதே நிலை. மூன்று மொழியிலும் மக்கள் வழக்கிற் பையின் பெயர் உண்டு. அதன் இரு புறத்தும் உள்ள சூலகத்திற்குப் பேச்சில் ஊன்றிய பெயர் இல்லை. பெயரில்லாத உறுப்பை யார் எடுத்தார், எப்போது எடுத்தார் என்று அவர்கள் எவ்வாறு சொல்வார்கள்? ஆகவே 'மாத விலக்கு எந்த வயதில் நின்றது? தானாகவா, ஆபரேஷனுக்குப் பிறகா?' என்று பிரித்துக் கேட்க வேண்டும். 'தூரம்' என்னும் சொல்லையே பேசிப் பழகிய முதியவரிடம் அச்சொல்லாலேயே கேட்பது தகும். படிவத்தை எழுதுவோர் அகராதியோடு நில்லாமல், கேட்கப்படுபவரின் வாய்மொழியையும் கேட்டு எழுதுதல் வேண்டும்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை நான் அறியாமல் இல்லை. முதலாவது, வயிற்றுப் பருமன் நம் பெண்டிரிடம் முப்பதுகளிலேயே பரவிவிட்டது. அப்போது சூலகம் நன்கு ஊறிக்கொண்டுதானே இருக்கிறது, பிறகு ஈஸ்ட்ரோஜனை எதற்குக் குறை கூறுவது என்பார்கள். மறுப்பு நியாயமானதே. அரிசியும் எண்ணெயும் சர்க்கரையும் மலிந்து, பருப்பும் காயும் சுருங்கிய உணவுக்கும், எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கத்திற்கும், ஓரறை வீட்டில் உட்கார்ந்து செய்யும் கூலி வேலைக்கும் அப்பருமனிற் பெரும்பங்கு உண்டு. ஆனால் பாதுகாப்பு இருக்கும்போதே இந்நிலை என்றால், அது நீங்கியபின் என்னாகும் என்பதை நினைக்கும்போது என் வேண்டுகோள் வலுப்பெறுகிறதே அன்றிக் குன்றவில்லை.

இரண்டாவது மறுப்பு விஞ்ஞானிகளுடையது. ஈஸ்ட்ரோஜன் ஒன்றே காரணம் அன்று என்பர். உண்மை. கலிபோர்னியாவில் 2012இல் வெளியான எலி ஆய்வில், சுரப்பிகளை அகற்றிய பின்னும் இரண்டு எக்ஸ் குரோமோசோம் உடைய எலிகள் ஒன்றே உடையவற்றினும் இரு மடங்குவரை கொழுத்தன. மாதவிடாய் நின்றபின் உயரும் வேறொரு ஹார்மோனைத் தடுத்தபோது எலிகளின் கொழுப்புக் குறைந்ததாக 2017இல் நியூயார்க் ஆய்வாளர் மோனே ஸைதியும் குழுவினரும் அறிவித்தனர். கொழுப்புத் திசுவும் வாளாவிருப்பதில்லை. சூலகம் ஓய்ந்தபின் அரோமட்டேஸ் நொதியால் தானே சிறிது ஈஸ்ட்ரோஜனைச் செய்கிறது. பருத்த முதிய பெண்டிர்க்கு மார்பகப் புற்றும் கருப்பைப் புற்றும் மிகுவதற்கு அது ஒரு காரணம். காக்கும் பொருளே இடம் மாறிச் சுரந்தால் கேடாகிறது. இவையெல்லாம் ஆய்வகத்திற்குரிய வாதங்கள். நின்ற வயதைக் கேட்பதற்கு இவற்றுள் எதுவும் தடையன்று. எந்த ஹார்மோன் காரணமாயினும் அவ்வயது பயன்படும்.

மூன்றாவது அச்சம், இவ்வினாவைக் கேட்கத் தொடங்கினால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை விற்போர்க்கு வழி திறந்துவிடும் என்பது. இவ்வச்சத்தை நான் மதிக்கிறேன். அமெரிக்காவில் 16,608 பெண்டிரிடம் நிகழ்ந்த ஆய்வு, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையால் மார்பகப் புற்றும் பக்கவாதமும் மிகுந்ததைக் கண்டு 2002இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அவர்களின் சராசரி வயது 63 என்பதும், அம்மருந்து நீரிழிவைச் சிறிது குறைத்தது என்பதும் பின்னர்ப் பேசப்பட்டன. வாய்வழி மாத்திரை நேரே கல்லீரலுக்குச் சென்று இரத்தத்தின் டிரைகிளிசரைடை உயர்த்துவதும், தோலில் ஒட்டும் பட்டை அவ்வாறு செய்யாமையும் அறியப்பட்டுள்ளன. இளவயதில் சூலகம் இழந்தவர்க்கு இம்மருத்துவம் தேவைப்படலாம். அதனை வல்லுநர் முடிவு செய்வார். வயிற்றைக் குறைக்க மாத்திரை என்று எவரேனும் கூறின் நம்பற்க. படிவத்தின் ஏழாவது வரி வேண்டுவது மருந்தை அன்று. முன்கூட்டியே சர்க்கரையும் அழுத்தமும் கொலஸ்ட்ராலும் பார்ப்பதை.

இதனோடு சேர்ந்த மற்றொரு கடமை மருத்துவமனைகளுடையது. அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்றே பல இடங்களில் காணப்படுகிறது. கருப்பை எடுக்கப்பட்டது, வலச் சூலகம் எடுக்கப்பட்டது அல்லது விடப்பட்டது, இடச் சூலகம் எடுக்கப்பட்டது அல்லது விடப்பட்டது என மூன்று வரிகளை, அப்பெண் படிக்கும் மொழியிலோ அவள் மகள் படித்துச் சொல்லும் மொழியிலோ எழுதித் தர வேண்டும் என்று சுகாதாரத் துறை பணிக்கலாம். சீத்தா கேம்ப் போன்ற இடங்களில் இச்சீட்டுகளை ரேஷன் அட்டையோடும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றோடும் ஒரே உறையில் வைத்துப் போற்றி வருகின்றனர். வீடு இடிபட்டவர்களுக்குக் காகிதத்தின் அருமை தெரியும். படிவத்தோடு வாசலில் வந்து நிற்கும் தொண்டர் அவ்வுறையைத் திறக்கச் சொல்லி, மூன்று வரிகளைப் பார்த்து, ஏழாவது வரியை நிரப்பிக் கொள்ளலாம்.